காய்ச்சலை முன்னறிந்த கணக்கு

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டுடன் பழகியவன் நான். அப்பதிவேடு ஆசிரியனுக்குப் பல உண்மைகளைச் சொல்லும். ஐப்பசி மழை விட்டு இரண்டு மூன்று வாரங்கள் ஆனதும், ஒரே தெருவிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே 'வரவில்லை' என்னும் குறி அடுத்தடுத்து விழத் தொடங்கும். ஊரில் காய்ச்சல் புகுந்துவிட்டது என்பதை அந்தக் குறிகளே எனக்கு முதலில் அறிவிக்கும். இதை இன்னும் ஒரு மாதம் முன்பாகவே அறிய வழி உண்டா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நாளை மழை வருமா என்பதை வானொலியில் கேட்டு, மீனவர் கடலுக்குப் போவதா வேண்டாவா என்று முடிவு செய்கின்றனர். புயல் வருவதை முன்னறிய முடியுமானால், கொசுவினால் பரவும் கொள்ளைக் காய்ச்சல் வருவதையும் ஏன் முன்னறியக் கூடாது? இன்று கணிப்பொறிகளைக் கொண்டு உலகின் பல நாடுகளிலும் அறிஞர்கள் இம்முயற்சியில் ஈடுபட்டிருக்கின்றனர். இயந்திரங்களுக்கே பாடம் கற்பித்து, மலேரியாவும் டெங்குவும் எந்த மாதத்தில் எந்த ஊரில் தலைதூக்கும் என்று கேட்கின்றனர். ஆயினும் இது புதிதாகப் பிறந்த கலையன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கணிப்பொறி என்னும் சொல்லே புழங்காத காலத்தில், நம் நாட்டின் பஞ்சாப் மாகாணத்தில் காகிதத்தையும் எழுதுகோலையும் கொண்டு இதனைச் செய்து காட்டினர். அதற்கு அவர்கள் நாடிய இடங்களுள் ஒன்று பள்ளிக்கூடம். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1908-ஆம் ஆண்டு. அன்றைய பஞ்சாப் மாகாணத்தில் ஏறத்தாழ 2 கோடி மக்கள் வாழ்ந்தனர். ஐந்து ஆறுகள் பாயும் சமவெளி அது. நிலம் தாழ்வானது, மழை மிகுந்தால் நீர் வடிய வழியின்றித் தேங்கிவிடும். முந்திய ஆண்டு மழை பொய்த்திருந்தது. தானிய விலை மிகவும் ஏறியிருந்தது. 1908-இன் பிற்பகுதியிலோ பெருமழை பெய்து நாடெங்கும் வெள்ளக்காடாயிற்று. மழை ஓய்ந்த பின் காய்ச்சல் எழுந்தது. அமிர்தசரஸ் நகரில் ஏறக்குறைய ஊரே படுக்கையில் விழுந்தது. கடைவீதிகளில் வாணிகம் நின்றது. அந்நகரில் பல வாரங்கள் நிலவிய இறப்பின் வேகம், அதே நிலை ஓராண்டு நீடித்தால் ஆயிரம் பேரில் 200 பேருக்கு மேல் மாண்டுபோகும் அளவுக்கு இருந்தது. மாகாணம் முழுவதிலும் சில மாதங்களுக்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்தக் காலத்தில் நோயின் காரணம் தெரியாமல் இல்லை. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கண்டார். கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்த உலகம், அனாபிலிஸ் என்னும் இனத்துக் கொசுவே அதனைக் கொண்டு வருகிறது என்று பின்னர் அறிந்தது. 1902-இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார்.

காரணம் தெரிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. கொசு ஆண்டுதோறும் இருக்கிறது. மழையும் ஏதோ ஓரளவு ஆண்டுதோறும் பெய்கிறது. அப்படியிருக்கச் சில ஆண்டுகளில் மட்டும் காய்ச்சல் ஏன் கொள்ளை நோயாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை காணுமாறு அனுப்பப்பட்டவர் சாமுவேல் ரிக்கர்ட் கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவர். 1873-இல் பிறந்து 1978-இல் மறைந்த நூறாண்டு கடந்த மனிதர் அவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொசுவை ஆராய்வதிலேயே கழித்தவர்.

அவர் நுண்ணோக்கியுடன் நின்றுவிடவில்லை. பழைய பதிவேடுகளையும் திறந்தார். பஞ்சாபின் சிற்றூர்களில் சௌக்கிதார் எனப்படும் காவற்காரர் இருந்தார். தம் ஊரில் யார் இறந்தார், என்ன நோயால் இறந்தார் என்பதைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது அவர் கடமை. சௌக்கிதார்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அம்மை எது, வாந்திபேதி எது என்று அவர்களுக்குத் தெரியும். ஏனையவற்றுள் பெரும்பகுதியைக் 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். மருத்துவ நோக்கில் இது குறையுள்ள கணக்குத்தான். ஆயினும் மாதந்தவறாமல், ஊர்தவறாமல் எழுதப்பட்ட கணக்கு. கிறிஸ்டோபர்ஸ் 1868 முதல் 1908 வரை நாற்பதாண்டுக் கணக்கை எடுத்து, எந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் எந்தப் பகுதியில் காய்ச்சல் சாவு மிகுந்தது என்பதை நிலப்படத்தில் குறித்தார். 1892, 1900, 1908 முதலிய ஆண்டுகள் மலைச்சிகரங்களைப் போல் உயர்ந்து நின்றன.

அந்த ஆண்டுகளுக்குப் பொதுவானவை யாவை என்று தேடியபோது அவருக்கு இரண்டு புலப்பட்டன. ஒன்று, மிகுந்த பருவமழை. மற்றொன்று, உணவுத் தட்டுப்பாடு. மழை கொசுவைப் பெருக்கியது. பசி மனிதனைத் தளர்த்தியது. இரண்டும் கூடிய ஆண்டில் காய்ச்சல் கொலைகாரனாயிற்று. 1911-இல் வெளிவந்த 'பஞ்சாபில் மலேரியா' என்னும் அவருடைய அறிக்கை இந்த முடிவை எடுத்துரைத்தது. தானிய விலைப் பட்டியலை மருத்துவ அறிக்கையில் சேர்த்து எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சின் முடிவில் அதற்குத் திரும்புவோம்.

கிறிஸ்டோபர்ஸ் சென்ற காலத்தை விளக்கினார். அதே கணக்கைக் கொண்டு வருங்காலத்தைக் கூறத் துணிந்தவர் கில் என்பவர். கிளிப்போர்டு ஆல்சின் கில் பஞ்சாபில் மலேரியா அதிகாரியாக இருந்து, பின்னர் பொதுச் சுகாதாரத் துறையின் தலைமையை ஏற்றவர். அவருக்குத் துணையாக நின்றது காலத்தின் ஓர் இடைவெளி. பருவமழை ஆகஸ்டு இறுதிக்குள் பெரும்பாலும் தன் தன்மையைக் காட்டிவிடும். சாவுகளோ அக்டோபரில்தான் உச்சத்தை அடையும். ஏனெனில் தேங்கிய நீரில் இடப்பட்ட முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கச் சற்றேறக்குறைய பத்து நாள் வேண்டும். அக்கொசு நோயாளியைக் கடித்த பின், ஒட்டுண்ணி அதன் உடலில் முதிர்ந்து அடுத்தவருக்குப் பரவ மேலும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் செல்லும். காய்ச்சல் வெளிப்பட இன்னும் பத்துப் பதினைந்து நாள். காற்றில் ஈரம் மிகுந்தால்தான் கொசு அத்தனை நாள் உயிரோடிருக்கும். இச்சுற்று ஒன்றிரண்டு முறை திரும்பிய பின்னரே கொள்ளைநோய் கண்ணுக்குத் தெரியும். ஆகவே செப்டம்பர் தொடக்கத்தில் கணக்குப் போட்டால், ஒரு மாத அவகாசம் கையில் இருக்கும்.

கில் நான்கு செய்திகளைக் கணக்கில் கொண்டார். முதலாவது மழையின் அளவு. இரண்டாவது தானிய விலை. அஃதாவது மக்களின் வறுமை நிலை. மூன்றாவது, ஒவ்வொரு மாவட்டமும் கொள்ளைநோய்க்கு எவ்வளவு இடங்கொடுக்கும் இயல்புடையது என்பது. பழைய பதிவேடுகளில் அக்டோபர்ச் சாவுகள் ஆண்டுக்கு ஆண்டு மிகுதியாக ஏறியிறங்கிய மாவட்டம் எதுவோ, அதுவே அஞ்சத்தக்க மாவட்டம். நான்காவதுதான் பள்ளிக்கூடத்திற்கு உரியது: பிள்ளைகளின் மண்ணீரல்.

இடப்பக்க விலா எலும்பின் கீழ் மறைந்திருக்கும் உறுப்பு மண்ணீரல். உடல் நலமுடைய பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கும். மருத்துவரின் விரல்களுக்கு எளிதில் தென்படும். பஞ்சாபின் பள்ளிகளில் மருத்துவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று குறித்தனர்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அந்த விகிதம் மிகுந்திருந்தால் ஆபத்து என்றுதானே நாம் எண்ணுவோம்? கில் அதற்கு நேர்மாறாகக் கணித்தார். கோடையில் அவ்விகிதம் குறைந்திருந்தால்தான் ஆபத்து. மண்ணீரல் வீங்கியவர் பலராயின், அவ்வூர் அண்மையில் காய்ச்சலைக் கண்டு எதிர்ப்பாற்றலை ஓரளவு பெற்றுவிட்டது என்பது பொருள். நான்கைந்து ஆண்டுகள் மழை குன்றி, காய்ச்சலும் குன்றியிருந்தால், புதிதாகப் பிறந்த குழந்தைகள் அந்நோயை அறியாதவர்கள். மூத்தவர்களும் பெற்ற ஆற்றலை இழந்திருப்பர். உலர்ந்த வைக்கோற்போர் தீப்பொறிக்குக் காத்திருப்பது போன்றது அந்த நிலை. அமைதியான ஆண்டுகளே அடுத்த கேட்டிற்குக் களம் அமைக்கின்றன என்ற இவ்வுண்மையை, பள்ளிப்பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டே அவர்கள் கணக்கில் சேர்த்தனர்.

1921-ஆம் ஆண்டில் கில் இம்முறையைக் கொண்டு முன்னறிவிப்புச் செய்தார். அதன் விளைவை 1923-இல் ஆராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டார். அது முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மாவட்டம் மாவட்டமாக, ஆண்டுதோறும் முன்னறிவிப்பு எழுதப்பட்டு வந்தது. எந்த மாவட்டத்துக்குக் கொயினாவும் மருத்துவரும் முதலில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அது உதவியது. மலேரியாவுக்கு இத்தகைய முன்னறிவிப்பு முறையை ஒழுங்காக நடத்தியதில் உலகிலேயே முன்னோடிகளுள் ஒன்று பஞ்சாப் எனலாம்.

முன்னறிவிப்பு எவ்வளவு தூரம் பலித்தது? இது நல்ல மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு சோதிடர், "இவ்வாண்டு கொள்ளைநோய் வராது" என்று ஆண்டுதோறும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் ஒன்றில் மட்டும் நோய் வருமானால், பத்துக்கு ஒன்பது முறை அவர் வாக்குப் பலிக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண்! ஆயினும் அவர் எதையும் முன்னறியவில்லை. வந்த நோயை வருமென்று சொன்னாரா, வாராத நோயை வாராதென்று சொன்னாரா என்று இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தற்செயலாகப் பலிக்கக்கூடிய அளவைக் கழித்தும் பார்க்க வேண்டும். சத்திய சுவரூப் என்னும் நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர், பஞ்சாபின் முன்னறிவிப்புகள் அனைத்தையும் இவ்வாறு சோதித்து 1949-இல் தம் முடிவை வெளியிட்டார். பிழைகள் இருந்தன, ஆயினும் பலித்தவை தற்செயலால் பலித்தவை அல்ல என்பதே அவர் கண்டது.

இனி, இக்கணக்கு நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதைப் பாருங்கள். இலங்கையின் தென்மேற்குப் பகுதி மழை மிகுந்தது. அங்கே ஆறுகள் ஆண்டு முழுவதும் பெருக்கெடுத்து ஓடும்; ஓடும் நீரில் கொசுப்புழு தங்காது. ஆகவே அப்பகுதியில் மலேரியா குறைவு. வறண்ட வடமத்தியப் பகுதியில்தான் அது நிலைத்திருந்தது. 1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகையில் தெளிந்த நீர்க்குட்டைகளாக நின்றன. அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் கொசுவுக்கு அத்தகைய குட்டையே விருப்பமான தொட்டில். ஆண்டின் இறுதியில் கேகாலை, குருநாகல் பகுதிகளில் காய்ச்சல் பற்றியெரிந்தது. அங்கிருந்த மக்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. மழையின்மையால் விளைச்சலும் இல்லை. உலகப் பொருளாதாரச் சரிவினால் கையில் பணமும் இல்லை. சுமார் 55 லட்சம் மக்கள் வாழ்ந்த அத்தீவில், 1935-இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

அக்கொள்ளைநோயை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் வேறு யாருமல்லர். பஞ்சாபின் முன்னறிவிப்பாளராகிய அதே கில்தான். பஞ்சாபில் மழை மிகுந்தால் ஆபத்து. இலங்கையின் ஈர மண்டலத்திலோ மழை குறைந்தால் ஆபத்து. பஞ்சாபின் வாய்பாட்டை அப்படியே இலங்கைக்குக் கொண்டு சென்றிருந்தால், 1934-ஐ அச்சமற்ற ஆண்டு என்றே அது அறிவித்திருக்கும். வாய்பாடு பொதுவன்று, நிலமும் நீரும் கொசுவின் இனமும் அதன் பொருளை மாற்றுகின்றன. ஆயினும் இரண்டிடத்தும் மாறாமல் நின்றவை இரண்டு: எதிர்ப்பாற்றல் இல்லாத உடல், உணவில்லாத வயிறு.

இதே காலத்தில் வேறொரு நெறியும் வளர்ந்து வந்தது. பதிவேட்டிலிருந்து தொடங்காமல், நோய் பரவும் முறையிலிருந்தே கணக்கைத் தொடங்குவது அந்நெறி. அதற்கு அடிகோலியவர் நாம் முன்பு கண்ட ராஸ்தான். ஓர் ஊரில் இத்தனை மக்கள், இத்தனை கொசுக்கள், இவற்றுள் இத்தனை கடிகள் என்று வைத்துக்கொண்டு, நோய் பெருகுமா குன்றுமா என்று அவர் சமன்பாடு எழுதினார். கொசுக்களின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலே போதும். கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டுவதில்லை. நோய் தானே தேய்ந்துவிடும் என்பது அச்சமன்பாடு காட்டிய உண்மை. பதிவேட்டிலிருந்து செல்வது புள்ளியியல் நெறி. பரவும் முறையிலிருந்து செல்வது இயக்கவியல் நெறி. இன்றைய முன்னறிவிப்புகளெல்லாம் இவ்விரு நெறிகளின் வழித்தோன்றல்களே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. என்னும் மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்தால் கொசு மடிந்தது. விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், 8 லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965 அளவில் நோயுற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. இலங்கையில் 1963-இல் 17 பேரே நோயுற்றதாகப் பதிவாயிற்று. ஒழியப்போகும் நோய்க்கு முன்னறிவிப்பு எதற்கு என்று உலகம் எண்ணியது. கில்லின் கணக்கு மறக்கப்பட்டது.

நோய் ஒழியவில்லை. மருந்துக்குக் கொசு பழகியது; வெற்றி கண்ட மனிதரோ விழிப்பை இழந்தனர். இலங்கையில் 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இந்தியாவில் 1976-இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. பின்னர் நீண்ட உழைப்பினால் இலங்கை மீண்டும் வென்று, 2016-இல் மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அமைதியான ஆண்டுகளே களம் அமைக்கின்றன என்னும் பழைய பாடத்தை, அதற்குள் இரு நாடுகளும் விலை கொடுத்துக் கற்றன.

நோய் திரும்பியபோது முன்னறிவிப்பும் திரும்பியது. இம்முறை அதற்குக் கடலும் துணையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு வானிலைத் துறையின் தலைவராகச் சிம்லாவில் இருந்தவர் கில்பர்ட் வாக்கர். இராமானுசனின் குறிப்பேடுகளைக் கண்டு, அவருக்கு உதவுமாறு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்த கணித அறிஞர் இவர். பருவமழையை முன்னறிய விரும்பி, உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டு வந்த வாக்கர், பசிபிக் கடலின் மேற்கிலும் கிழக்கிலும் காற்றழுத்தம் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல் ஏறியிறங்குவதைக் கண்டார். அப்பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்துக்கு மேல் வெப்பமடையும் 'எல் நினோ' நிகழ்ச்சியுடன் அது தொடர்புடையது என்பதைப் பிற்காலத்தவர் அறிந்தனர்.

1996-இல் பௌமா, வான் டெர் கே என்னும் இரு டச்சு அறிஞர்கள், கிறிஸ்டோபர்ஸ் முதலியோர் திரட்டிய பழைய கணக்குகளை எல் நினோ ஆண்டுகளுடன் ஒப்பிட்டனர். இலங்கையில் எல் நினோ ஆண்டிலும், பஞ்சாபில் அதற்கு அடுத்த ஆண்டிலும் கொள்ளைநோய் மிகுந்திருந்தது. எல் நினோ பருவமழையைக் குறைத்தால் இலங்கையின் ஆறுகள் குட்டைகளாகும்; பஞ்சாபோ வறண்டு, எதிர்ப்பாற்றலையும் விளைச்சலையும் இழந்து, அடுத்த பெருமழைக்கு இரையாகும். சௌக்கிதார் காவல் நிலையத்தில் சொன்ன சாவுக்கணக்கும், வாக்கரின் காற்றழுத்தக் கணக்கும் நூறாண்டு கழித்து ஒன்றையொன்று விளக்கின. கடலின் வெப்பத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அறியலாமாதலால், கில்லுக்குக் கிடைத்த ஒரு மாத அவகாசம் இப்போது நீண்டது. ஆப்பிரிக்காவின் போட்சுவானாவில் பருவகால வானிலைக் கணிப்பைக் கொண்டே மலேரியாவைப் பல மாதங்களுக்கு முன்னர் உணர்த்தலாம் என்று 2006-இல் காட்டினர்.

இன்று மலேரியாவுடன் டெங்குவும் சேர்ந்திருக்கிறது. ஏடிஸ் என்னும் கொசு அதனைப் பரப்புகிறது, பகலில் கடிப்பது, வீட்டைச் சுற்றியுள்ள தொட்டியிலும் குடத்திலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளர்வது. மழை பெய்தாலும் அது பெருகும். மழை பொய்த்து மக்கள் தண்ணீரைச் சேமித்து வைத்தாலும் பெருகும். டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு; ஒரு வகைக்குப் பெற்ற எதிர்ப்பாற்றல் மற்றொரு வகையிடமிருந்து நீண்ட நாள் காப்பதில்லை. இத்தனை சிக்கலையும் காகிதத்தில் கணக்கிடுவது அரிது. இங்கேதான் 'இயந்திரக் கற்றல்' வருகிறது.

இயந்திரம் கற்பது எங்ஙனம்? எந்தச் செய்திக்கு எவ்வளவு எடை தருவது என்பதைக் கில் தம் அறிவால் தீர்மானித்தார். இயந்திரக் கற்றலில் அந்த எடையைக் கணிப்பொறியே பழைய கணக்குகளிலிருந்து தேடிக்கொள்கிறது. மழை, வெப்பம், ஈரப்பதம், சென்ற வாரங்களின் நோயாளர் எண்ணிக்கை என நூற்றுக்கணக்கான செய்திகளைக் கொடுத்துவிட்டால், பயனற்றவற்றைத் தள்ளி, பயனுள்ளவற்றுக்கு எடை தந்து, அது விடை கூறும். சிங்கப்பூர் அரசு இத்தகைய முறையொன்றைக் கொண்டு, டெங்குவை மூன்று மாதங்கள் முன்னதாகக் கணித்து வந்ததை 2016-இல் வெளியிட்டது.

ஆனால் இயந்திரத்துக்கும் மாணவனுக்குரிய ஒரு குற்றம் உண்டு. பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்த மாணவன், அதே வினா வந்தால் முழு மதிப்பெண் பெறுவான். வினா சற்று மாறினால் விழிப்பான். இயந்திரமும் பழைய ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிடக்கூடும். ஆகவே அதற்குக் காட்டாத ஆண்டுகளைத் தனியே வைத்திருந்து, அவற்றைக் கொண்டே தேர்வு நடத்துகின்றனர். அத்தகைய பொதுத்தேர்வு ஒன்று 2015-இல் அமெரிக்க அரசு நிறுவனங்களால் நடத்தப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான், பெருவின் இக்கிட்டோஸ் ஆகிய இரு நகரங்களின் டெங்குக் கணக்கைத் தந்து, 16 குழுக்களைக் கணிக்கச் செய்தனர். 2019-இல் வெளியான முடிவு இது: பருவத்தின் தொடக்கத்தில், அஃதாவது அறிவிப்பு மிகவும் வேண்டியிருந்த வேளையில், பெரும்பாலான கணிப்புகள் தடுமாறின. தனித்தனிக் கணிப்புகளை ஒன்று சேர்த்துக் கண்ட பொதுக்கணிப்பு பொதுவாக மேம்பட்டு நின்றது. தனியொருவர் சொல்லினும் அவையோர் கூடிச் சொல்வது நன்று என்பது கணிப்பொறிகளுக்கும் பொருந்துகிறது போலும்!

இப்போது கிறிஸ்டோபர்சின் தானிய விலைப் பட்டியலுக்குத் திரும்புவோம். கொசுவை நோக்கிய ஆராய்ச்சி வளர வளர, பசியை நோக்கிய ஆராய்ச்சி மெல்ல மெல்ல மறைந்தது. மழையும் வெப்பமும் கருவிகளால் அளக்கத்தக்கவை; இன்று வானிலுள்ள செயற்கைக்கோளே அவற்றை அளந்து தருகிறது. ஆனால் ஓர் ஏழையின் அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்பதைச் செயற்கைக்கோள் காண்பதில்லை. ஷீலா சர்பிரிக் என்னும் வரலாற்றறிஞர் பஞ்சாபின் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1908-க்குப் பின்னும் அங்கே மழை மிகுந்த ஆண்டுகளில் காய்ச்சல் பரவத்தான் செய்தது. ஆயினும் பஞ்ச நிவாரணம் முன்பைவிட விரைந்து கிடைத்த பின்னர், அது 1908-இல் கொன்றதுபோல் கொல்லவில்லை என்று அவர் காட்டுகிறார். கொசு நோயைக் கொண்டு வந்தது. அந்நோய் எத்தனை பேரைக் கொல்வது என்பதைப் பசியும் சேர்ந்து தீர்மானித்தது. கணக்கில் எழுதப்படாத செய்தியை எவ்வளவு பெரிய இயந்திரமும் கற்றுக்கொள்ள முடியாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை கணிதம் பயில்வீர்கள். சிலர் மருத்துவம் பயில்வீர்கள். சிலர் ஊராட்சி அலுவலகத்திலோ சுகாதார நிலையத்திலோ பணிபுரிவீர்கள். யாராயினும் ஒன்றை மறவாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத சௌக்கிதார் நாற்பதாண்டுகள் தவறாமல் சொன்ன கணக்கு இல்லையேல், கிறிஸ்டோபர்ஸ் இல்லை, கில் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து மருத்துவர், மாலை ஆகிவிட்டதே என்று கடைசிப் பத்துப் பிள்ளைகளைத் தொடாமலே எண்ணிக்கையை நிரப்பியிருந்தால், அந்தப் பிழை மாவட்டத்தின் முன்னறிவிப்பில் போய் நின்றிருக்கும். முன்னறிவிப்பு எழுதிய பின்னரும், கொயினா வண்டியேறாமல் கிடங்கிலேயே கிடந்திருந்தால், எழுதிய காகிதத்தால் ஓர் உயிரும் பிழைத்திராது. உண்மையாக எண்ணுதல், அறிவோடு கணித்தல், காலத்தில் செயற்படுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வருமுன் காத்தல்.

நாளைக் காலையில் உங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயரைக் கூப்பிடும்போது, அதனை வெறும் சடங்கென்று எண்ணாதீர்கள். உங்கள் பெயருக்கு நேரே விழும் அந்தச் சிறு குறியும் ஊரின் நலத்தைப் பற்றிய ஒரு சாட்சியம். அது உண்மையான சாட்சியமாக இருக்கட்டும்.